ஒருவருக்கும் மயக்கம் வரவில்லை

பிப்ரவரி 3, திங்கள்

நல்ல சேதி வந்தால் எனக்கு முதலில் பயம்தான் வரும். இன்று காலை எங்கள் மருத்துவக் கல்லூரித் துறைத் தலைவர் தர்மசீலன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டு, "செந்தூர், நம்ம கட்டுரையை ஜர்னல்ல எடுத்துக்கிட்டாங்கய்யா. சின்னச் சின்னத் திருத்தம்தான்" என்றபோது, சந்தோஷப்படுவதற்கு முன்னால் எங்கே தப்பு விட்டேன் என்றுதான் யோசித்தேன். வடிவிடம் சொன்னால் சிரிப்பாள். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதும் எனக்குக் கை நடுங்கியது என்பதை இன்றுவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நெடுங்கரிசல் வட்டாரத்துச் சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுத்தோமே, அந்த ஆய்வுதான். நர்ஸ் வீடு தேடிப் போவார், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், நாங்கள் கொடுத்த அட்டவணைப்படி மாத்திரையைக் கூட்டுவார். யாரும் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு வருடத்தில் ஊரில் அநேகம் பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. எழுதியது நான். சார் ரொம்ப ரசித்த வரி, "ஆய்வுக் காலத்தில் ஒருவருக்கும் தாழ்சர்க்கரை மயக்கம் வரவில்லை" என்பது. மாவட்டக் கூட்டத்தில் அதைத்தான் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் திட்டத்தை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோகிறார்கள். சில ஊர்களில் தை பிறந்ததுமே ஆரம்பித்தாயிற்று. வாகைப்பட்டியில் இருக்கும் என் மாமியார்கூட அதில் சேர்ந்துவிட்டார்.

திருத்தங்களில் ஒன்று இப்படி. பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியே, ஊர்களில் நடக்கும் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று இப்போது ஒரு முறை வைத்திருக்கிறார்களாம். யார் நோயாளி, யார் பார்த்துக்கொண்டது, அவர்களுக்குள் எப்படிப் பழக்கம் என்றெல்லாம் எழுத வேண்டும். அப்போதுதான் படிக்கிறவர் தன் ஊரில் இதைச் செய்யலாமா கூடாதா என்று முடிவெடுக்க முடியும். அந்த முறைப்படி, முகம் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார்: "இந்த நோயாளிகளுக்கு வீட்டில் திடீரென்று முடியாமல் போனால் முதலில் எங்கே போவார்கள்? அது உங்கள் கணக்கில் வருமா?"

சார் சிரித்தார். "எங்க போவாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான். ஒரு வரி எழுதி அனுப்பிருங்க."

வரும் வழியில் கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன். வடிவு தாளிப்பில் கடுகைக் கொஞ்சம் அதிகமாக வெடிக்கவிட்டாள்.

பிப்ரவரி 5, புதன்

அந்த ஒரு வரியை எழுதினேன். அனுப்பவில்லை. எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியாது என்பது இப்போதுதான் தெரிகிறது.

பிப்ரவரி 8, சனி

நெடுங்கரிசலுக்குப் போய்வந்தேன். போகாமலே இருந்திருக்கலாம்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அய்யம்பெருமாளின் பெட்டிக்கடை. ஆய்வு நடந்தபோது அங்கே டீ குடித்த பழக்கம் உண்டு. என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க சார். உங்க புண்ணியத்துல யாவாரம் நல்லா போவுது."

என்ன புண்ணியம் என்று கேட்டேன். கடலை மிட்டாய் பாட்டிலைத் தட்டிக் காட்டினார். "முன்னெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வாங்கும். இப்பம் பெருசுக வாங்குதாக. எல்லாம் சுகர்காரக. காட்டுக்குப் போவும்போது முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் போறாக."

டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். சர்க்கரை நோயாளிகள் எதற்கு ஐயா மிட்டாய் வாங்குகிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும்: மாத்திரையால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்போது இனிப்புதான் கைமருந்து. மருத்துவம் படித்த எவனுக்கும் தெரியும்.

வெள்ளத்தாய் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஆய்வில் முதல் மாதமே சேர்ந்தவர். மிளகாய்ப்பழம் பொறுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கால் கழுவிக்கொண்டே பேசினார். காலையில் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம், போட்டுக்கொள்கிறார். விடியும் முன் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போனால் வெயில் ஏறியபிறகுதான் கஞ்சி. எங்கள் அட்டவணையில் காலைச் சாப்பாடு என்று ஒன்று இருந்தது. அது எங்கள் வீட்டுக் காலை.

"நடுவுல கிறுகிறுப்பு வருமா?"

முதலில் இல்லை என்றார். மறுபடி கேட்டேன். வாசலைப் பார்த்துக்கொண்டார்.

"வரும் சார். கண்ணக் கட்டிக்கிட்டு வரும், மேலெல்லாம் வேர்த்து ஊத்தும். ரெண்டு மிட்டாயைக் கடிச்சுட்டு வரப்புல செத்த படுத்தா சரியாப் போவும். எனக்கு மட்டுமா, எங்க கூட்டத்துல எல்லாருக்கும் வருது. செல்லக்கனி ஒருநாள் பேச்சுமூச்சு இல்லாமக் கெடந்தா. வாயில சீனித்தண்ணிய ஊத்தி எழுப்புனோம்."

"ஆஸ்பத்திரிக்குப் போகலாமே. புஷ்பத்துக்கிட்ட சொல்லியிருக்கலாமே."

புஷ்பம்தான் அந்த ஊர் நர்ஸ். வெள்ளத்தாய் என்னை ஏதும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சொன்னா அவளத்தான் வைவாக. இதுக்கு முன்ன வந்த நர்சுக எல்லாம் மெமோ வாங்கிட்டு மாத்திக்கிட்டுப் போயிட்டாளுக. இவ ஒருத்திதான் நெலைச்சு நிக்கா. எங்க வீட்டுக்குள்ள செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வந்து தரையில உக்காந்த மொத ஆளு இவதான். அவ வேலைக்கு ஒண்ணுன்னா எங்களுக்குப் பொறுக்குமா? யாரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு பேசி வச்சுருக்கோம். நீங்களும் தெறந்துராதீக."

நாங்கள் கேட்ட கேள்வி, "தாழ்சர்க்கரைக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தீர்களா?" என்பது. யாரும் வரவில்லை. வரவில்லை என்று எழுதினேன். ஒரு நர்ஸின் மேல் வைத்த பாசத்தை எடுத்து, மருந்து பாதுகாப்பானது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மிட்டாய் விஷயத்தை மட்டும் வடிவிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்கம்மாவும் அதத்தான போடுறாங்க?"

உடனே போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். என் மாமியார் என்னோடு நேரில் பேசமாட்டார். மருமகனிடம் முகத்துக்கு நேராகப் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். நான் முன்னால் உட்கார்ந்திருந்தாலும், "மாப்ளைக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்று வடிவிடம்தான் கேட்பார். போனிலும் அப்படியே. அதனால் நான் வடிவிடம் சொல்ல, வடிவு அத்தையிடம் கேட்டாள். கிறுகிறுப்பு வருகிறதா, வேர்க்கிறதா, படபடப்பு உண்டா.

"எனக்கென்னட்டி, கல்லுக் கணக்கா இருக்கேன். மாப்ள எழுதுன மாத்திரையில்லா."

நிம்மதி. வாகைப்பட்டியில் யாரும் காட்டு வேலைக்குப் போவதில்லை, அத்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறவர். அங்கே பிரச்சினை வராது. மாலையில் சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், விடுமுறை. வடிவு விரதம். விரதம் இருக்கிற சர்க்கரைக்காரர்கள் மாத்திரையை என்ன செய்வார்கள் என்ற நினைப்பு வந்ததும் பஞ்சாமிர்தம் இறங்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

சாரிடம் சொன்னேன். வீட்டிலிருந்து கல்லூரிவரை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனது எல்லாம் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்ததும் மறந்துவிட்டது. உளறிக்கொட்டினேன்.

பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். வடிவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் இன்னும் பயம்.

"செந்தூர், கடைக்காரர் சொன்னதும் வரப்புல படுத்ததும் டேட்டா ஆகுமா? அவங்க குளுக்கோமீட்டர் வெச்சா பார்த்தாங்க? வெயில்ல வேலை பார்த்தா யாருக்குத்தான் தலை சுத்தாது?"

"ஆமா சார்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை எண்ணுறோம்னு சொன்னோம். எண்ணினோம். யாரும் வரலை. இதுல பொய் எங்க இருக்கு?"

"இல்ல சார்."

"மார்ச் மூணாம் தேதி மாவட்டக் கூட்டம். அதுக்குப் பிறகு உங்க பதவி உயர்வு இன்டர்வியூ. இப்பப் போய்க் கிணறு வெட்டப் பூதத்தைக் கிளப்பாதீங்க. அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்க."

"சரி சார்."

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். பொய் இல்லைதான். உண்மையும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். மறைக்கவே தேவையில்லை, பூசணிக்காய் இருக்கிறதா என்று கேட்காமல் இருந்தால் போதும்.

பிப்ரவரி 15, சனி

புஷ்பம் போன் செய்தார். "சார், நீங்க ஊருக்கு வந்துட்டுப் போனீங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனை வைக்கப் பார்த்தேன். "சார், நான் தற்காலிகப் பணி. எனக்கு ராத்தூக்கம் போயிரும் சார், என்னன்னு சொல்லிருங்க" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என் குரல்தான். சொல்லிவிட்டேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எங்கிட்ட மறைச்சிட்டாங்களே சார். வாராவாரம் போறேன். என் மடியில பிள்ளையைப் போட்டுட்டு வேலை பாக்குறாங்க. சொல்லலையே சார்."

ஆஸ்பத்திரிக்கு வந்தீர்களா என்று கேட்காதீர்கள், மிட்டாய் தின்றீர்களா, எப்போது, எதற்கு என்று கேளுங்கள் என்று சொன்னேன். அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தபிறகுதான், என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. சாரிடம் சரி என்று சொன்னவன் நான்.

பிப்ரவரி 19, புதன்

புஷ்பம் எல்லா வீட்டுக்கும் போய்விட்டார். பாதி வீட்டுக்கு மேல் மிட்டாய். கீழே விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அடுப்பில் கை வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அதற்குக் கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருக்கிறார்கள்.

"எப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல சொல்லலை சார். மாதா மேல சத்தியம் பண்ணினேன், என்னை மாத்த மாட்டாங்கன்னு. அதுக்கப்புறம்தான் சொன்னாங்க." பிறகு அவரே, "மாத்த மாட்டாங்கள்ல சார்?" என்றார்.

மாட்டார்கள் என்று சொன்னேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. என் வேலைக்கே உத்தரவாதம் இல்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்கு இப்போது மடி நிறைய ஊர்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

புதன்கிழமை சிவராத்திரி. இந்தப் பக்கமெல்லாம் அன்றைக்குக் குலசாமி கோயிலுக்குப் போவார்கள். பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பவர்கள் உண்டு. ஆனால் மாத்திரையை விடமாட்டார்கள், ஏனென்றால் ஒருநாளும் விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள்.

புஷ்பத்துக்குப் போன் போட்டு, விரதம் இருப்பவர்கள் அன்றைக்கு மாத்திரை போட வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லச் சொன்னேன். "எழுத்துல ஆர்டர் இல்லாம சொல்லலாமா சார்?" என்றார். நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வீரம் இதுவாகத்தான் இருக்கும்.

அத்தையும் கோயிலுக்குப் போகிறார். "எங்கம்மாட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க, டாக்டர் நீயா அவுகளான்னு கேப்பாங்க" என்றாள் வடிவு. சொல்ல வேண்டும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? நேரில் பேசாதவரிடம் போனில் பேசி, என் மாத்திரையை நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டுமா? தேவையில்லாமல் பயந்துபோவார். அவருக்குத்தான் கிறுகிறுப்பே இல்லையே. நாளை பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் வேலை அதிகம். அத்தைக்குப் பேச நேரமில்லை. நாளைக் காலை.

பிப்ரவரி 27, வியாழன்

அரசு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் கோயிலில் இருந்து போன் வந்தது. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அத்தை சரிந்து விழுந்திருக்கிறார். சாமி வந்துவிட்டது என்று நினைத்துத் திருநீறு பூசிக் குலவை போட்டிருக்கிறார்கள். வாயில் நுரை வந்தபிறகுதான் யாரோ ஒரு பையன் நூற்றெட்டுக்குப் போன் போட்டிருக்கிறான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் வடிவை அடையாளம் தெரியவில்லை. டியூட்டி டாக்டர் சின்னப் பெண், "என்ன மாத்திரை சார் போடுறாங்க?" என்று என்னிடம் கேட்டார். மாத்திரைப் பெயரைச் சொன்னேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இனி தெளியமாட்டாரோ என்று பயந்த அந்த நேரத்தை இங்கே எழுத என்னால் முடியாது.

இன்று காலை தெளிந்துவிட்டார். வடிவு அவருடைய சுருக்குப்பையைத் திறந்தாள், வெற்றிலை எடுக்க. உள்ளே கடலை மிட்டாய்க் காகிதங்கள், மடித்து மடித்துத் திணித்து வைத்திருந்தவை. வடிவு அவற்றை உள்ளங்கையில் வைத்து அத்தை முன்னால் நீட்டினாள்.

அத்தை சுவரைப் பார்த்துச் சொன்னார். "தையில இருந்தே வருதுட்டி. எங்க மாப்ள எழுதுன திட்டம், எங்க மாப்ள எழுதுன மாத்திரைன்னு ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கேன். அதப் போட்டுத்தான் எனக்குக் கிறுகிறுக்குன்னு நானே சொல்ல முடியுமா? அவுக பேரு கெட்டுராதா?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். வெள்ளத்தாய்க்கு ஒரு புஷ்பம். அத்தைக்கு நான். எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவரைக் காப்பாற்ற யாரோ ஒருவர் படுத்துக் கிடந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு நேரம் இருந்தது; நேற்றுக் காலையும் நான் போன் போடவில்லை. அதை எழுதிவைக்கிறேன்.

மார்ச் 1, சனி

அத்தையை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். வடிவு என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். காலையில் உட்கார்ந்து கட்டுரையை முதலில் இருந்து எழுதினேன். மிட்டாய்க் கடை, மிளகாய்க் காடு, விடியும் முன் மாத்திரை, வெயில் ஏறிய கஞ்சி, ஊர் கூடிப் பேசி வைத்த மௌனம். ஆய்வுக்கட்டுரையில் இதற்கெல்லாம் இடமில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இடம் இதற்குத்தான். மற்றதெல்லாம் சுருக்கலாம்.

"ஒருவருக்கும் மயக்கம் வரவில்லை" என்ற வரியை அடித்தேன். அடித்தபின் அறையில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அத்தைதான் கதவோரம் நின்று, "மாப்ள சாப்பிடலையான்னு கேளு வடிவு" என்றார். வடிவு பக்கத்து அறையில்கூட இல்லை, மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள்.

மார்ச் 3, திங்கள்

மாவட்டக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சாரை அறை வாசலிலேயே பிடித்தேன். தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"இதை அனுப்பினா திட்டம் நின்னுரும் செந்தூர்."

"நிக்க வேண்டாம் சார். மாத்திரை நேரத்தை மாத்தினாப் போதும். சாப்பிட்டபிறகு போடணும். கேக்குற கேள்வியையும் மாத்தணும். ஆனா தெரியாம அப்படியே போச்சுன்னா, சார், அடுத்த ஊர்ல குலவை போட்டுட்டு நிப்பாங்க." அத்தை விழுந்ததைச் சொன்னேன். முழுக்கச் சொல்ல முடியவில்லை.

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த வரியைத் திரையில போட்டு, அத்தனை பேருக்கு முன்னால கைதட்டு வாங்கினவன் நான். இப்ப எந்த முகத்தோட போறது? எனக்கும் பயமா இருக்குய்யா."

அவருக்குப் பயம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் தாளை என்னிடமே கொடுத்தார். "அனுப்புங்க. முதல் பேரா உங்க பேரைப் போடுங்க. கேள்வி வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

எத்தனை வருடமாக ஆசைப்பட்ட இடம். கட்டுரையில் முதல் பேர். அது பரிசா, பலிக்கு மாலையா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கறிவேப்பிலை வாங்கினேன்.

மார்ச் 5, புதன்

அனுப்பிவிட்டேன். மதிப்பீட்டாளரின் கேள்விக்கு எழுதிய பதிலைத் தமிழில் இங்கே வைக்கிறேன்:

"இந்த நோயாளிகள் முடியாமல் போனால் முதலில் எங்கேயும் போகமாட்டார்கள். தங்களைக் கவனித்துக்கொள்பவருக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்று இருக்கிற இடத்திலேயே படுத்துக்கொள்வார்கள். எங்கள் கணக்கில் அது வரவில்லை. கவனிப்பவர் மேல் நோயாளிகளுக்கு அன்பு உள்ள இடத்தில் இந்தத் திட்டத்தைச் செய்கிறவர்கள், அந்த அன்பையும் ஒரு பக்கவிளைவாகக் கருதிக் கேட்டுப் பார்க்க வேண்டும்."

கூட்டத்தில் சார் சொல்லிவிட்டாராம். விரிவாக்கத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளுக்கு என்று தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

நான் பயந்தது நடந்துவிட்டது. புஷ்பத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தவறு அட்டவணையிலும் கேள்வியிலும்தான், அவரிடம் இல்லை என்று நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாரும் கையெழுத்துப் போட்டார். போதுமா தெரியவில்லை.

வெள்ளத்தாய் அய்யம்பெருமாளிடம் சொல்லிவிட்டிருக்கிறார்: "அந்த சார் இனிமே செருப்பக் கழட்டிட்டு வந்தாலும் எங்க வீட்டுக்குள்ள வர வேண்டாம்னு சொல்லு." வாயைத் திறக்காதீர்கள் என்றுதான் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் திறந்துவிட்டேன். திறந்ததற்கு வருந்தவில்லை. ஆனால் அந்த வீடு இனி எனக்கு இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

வடிவு சந்தைக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. நின்றதும் பேப்பரைக் கீழே போட்டேன். இப்போதெல்லாம் வீட்டில் எந்தச் சத்தம் நின்றாலும் எனக்கு அப்படித்தான்.

எழுந்திருக்கும் முன் அத்தை நிலைப்படியில் வந்து நின்றார். முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ள," என்றார். "எனக்குக் கிறுகிறுன்னு வருது."

ஓடினேன். முழங்கால் நாற்காலியில் இடித்தது. அவர் விரலில் குத்திப் பார்த்தேன். குளுக்கோமீட்டர் எண் காட்டும்வரை மூச்சு விடவில்லை. சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. அடுக்களைச் சூடாக இருக்கலாம். காலையில் இட்லியைக் குறைத்துச் சாப்பிட்டதாக இருக்கலாம்.

"ஒண்ணுமில்ல அத்தை, நல்லா இருக்கு" என்றேன்.

"ஒண்ணுமில்லையா? சொல்லாம இருந்திருக்கலாம் போல. ஒங்களப் போட்டு ஓட வச்சுட்டேன்."

"சொல்லுங்க அத்தை. ஒண்ணுமில்லன்னாலும் சொல்லுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். வடிவு வந்து பார்த்துவிட்டுப் பையைக் கீழே போட்டு, "என்னாச்சு, அம்மாவுக்கு என்னாச்சு?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல. அத்தைக்குக் கிறுகிறுப்பு வந்துச்சு" என்றேன். "எங்கிட்ட சொன்னாங்க."